வாழ்ந்த காலத்துக்குக் கணக்கு உண்டா?



செமினியில் ஒரு கோயில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, குடியுரிமைச் சிக்கல் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல நாங்கள் நால்வர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல் பெரும்பாலும் தோட்டத்து மக்கள். பிளாஸ்டிக் பையில் பழுப்பேறிய காகிதங்களோடு வந்தவர்களுக்கு நடுவே, கையில் புதுக் கோப்புடன் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். தமிழ்நாட்டுக்காரர். இந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். மனைவி உடன் இருக்கிறார். இரண்டு வயதுப் பெண் குழந்தை இங்கேதான் பிறந்தாள்.

"சார், பி.ஆர். விண்ணப்பிக்க என்ன வழி?" என்று கேட்டார்.

எங்களோடு உதவிக்கு வந்திருந்த தம்பிக்கு முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, நம்ம ஆளுங்களுக்கே நீல ஐ.சி. கிடைக்கல. நேத்து வந்தவங்களுக்கு நாம ஏன் மெனக்கெடணும்?" என்றார். அவர் தணிந்த குரலில் சொன்னதாக நினைத்தார். வரிசையில் அடுத்ததாக இருந்த பாட்டியின் காதில் விழுந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்தவர், இன்னும் சிவப்பு ஐ.சி. வைத்திருப்பவர். "அவரு கேட்டுக்கட்டும் தம்பி. எனக்கு என்ன அவசரம்? நாப்பது வருசமா காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

அந்தத் தம்பியின் கேள்வி நம்மில் பலருக்கும் உள்ள கேள்வி. அதனால்தான் இந்தத் தலையங்கம். சட்டப்புத்தகத்தைத் திறந்து பார்த்தால், அந்த மாணவரும் அந்தப் பாட்டியும் எதிரெதிர் வரிசையில் நிற்கவில்லை என்பது தெரியவரும்.

மாணவருக்குச் சொல்ல வேண்டிய பதில்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் மலேசியாவில் தன் கிளையைத் தொடங்கி, 2005இல் செமினிக்கு இடம் மாறியது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பள்ளிகளும் அடையாளமாக இருந்த வட்டாரத்தில் இன்று பல நாட்டு மாணவர்கள் நடமாடுகிறார்கள். காஜாங், பாங்கி பக்கம் போனால் இன்னும் பல கல்விக்கூடங்கள். உலக மாணவர்களை ஈர்க்கும் கல்வி மையமாக நாடு மாற வேண்டும் என்பது அரசாங்கமே வகுத்த கொள்கை. மாணவர் பாஸ் வேலைகளைக் கவனிக்க இ.எம்.ஜி.எஸ். என்ற தனி நிறுவனமே 2012இல் அமைக்கப்பட்டது.

வரவேற்பு பலமாகத்தான் இருக்கிறது. படித்து முடித்த பிறகு என்ன?

நிரந்தரவாசி ஆவதற்கு முதலில் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் நுழைவு அனுமதி பெற வேண்டும். அது கிடைத்த பிறகே தேசியப் பதிவு இலாகாவில் சிவப்பு அடையாள அட்டைக்குப் போகலாம். யார் விண்ணப்பிக்கலாம் என்பதற்குக் குடிநுழைவு இலாகா சில பிரிவுகளை வைத்திருக்கிறது: பெரும் பணத்தை இங்கே வைப்பு வைப்பவர்கள், அரசு நிறுவனத்தின் பரிந்துரை பெற்ற நிபுணர்கள், இங்கே குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்து பரிந்துரையும் பெற்ற தொழில்முறையாளர்கள், மலேசியரை மணந்தவர்கள், புள்ளி முறையில் 120க்கு 65 எடுப்பவர்கள். வயது, கல்வித் தகுதி, தங்கியிருந்த காலம், மலாய் மொழி அறிவு முதலியவற்றுக்குப் புள்ளி உண்டு. ஆனால் 65 எடுத்துவிட்டால் கிடைத்தே தீரும் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தப் பட்டியலில் 'மாணவர்' என்ற பிரிவு இல்லை. முனைவர் பட்டம் கையில் இருந்தாலும் மாணவர் பாஸிலிருந்து நேராகச் சிவப்பு அட்டைக்குப் போகும் பாதை கிடையாது. முதலில் வேலை தேட வேண்டும். வேலை பாஸ் எடுக்க வேண்டும். வருடங்கள் ஓட வேண்டும். அதன் பிறகுதான் கதவைத் தட்டலாம். திறமைசாலிகளுக்கென்று 2011இல் கொண்டுவரப்பட்ட பத்தாண்டு வசிப்பிட பாஸ்கூட ஒரு பாஸ்தான். அது நிரந்தரவாசத் தகுதி ஆகாது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. நம் வழக்கறிஞர்களிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. வெளிநாட்டவர் இயல்புரிமை மூலம் குடிமகனாவதற்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆவது விதி வகை செய்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் பத்து ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. 'வசித்தல்' என்றால் என்ன? அதற்கான விளக்கம் இரண்டாவது அட்டவணையின் மூன்றாம் பாகத்தில், 20ஆவது பிரிவில் இருக்கிறது. குடிநுழைவுச் சட்டப்படி வழங்கப்பட்ட பாஸின் பேரில் தற்காலிகமாகத் தங்கியிருந்த காலம், அமைச்சர் சம்மதித்தால் ஒழிய, வசித்த காலமாகக் கருதப்படாது. அதே பட்டியலில் அதற்குப் பக்கத்தில் வருபவை எவை தெரியுமா? சட்டவிரோதமாகத் தங்கிய காலமும் சிறையில் கழித்த காலமும்.

ஐந்து ஆண்டு ஆய்வு, அதன் பிறகு பத்து ஆண்டு வேலை பாஸ் என்று ஒருவர் பதினைந்து ஆண்டுகள் இங்கே இருந்திருக்கலாம். வாடகை கொடுத்தார், வரி கட்டினார், பிள்ளை பெற்றார், மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். சட்டத்தின் பேரேட்டில் அந்தப் பதினைந்து ஆண்டுக்கும் சைபர். அமைச்சர் மனம் வைத்தால் மட்டும் அந்தச் சைபர் எண்ணாக மாறும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது அந்த இளைஞர் கோப்பிலிருந்து ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். "ஆறு மாசத்துல முடிச்சுத் தர்றோம்" என்று சொன்ன ஒரு முகவரிடம் நாலாயிரம் வெள்ளி முன்பணம் கட்டியிருக்கிறார். உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம். பாதை தெளிவாக இல்லாத இடத்தில் வழிகாட்டி வேடம் போடுகிறவன் பிழைப்பு நடத்துகிறான்.

"நம்மவர்களுக்கு முதலில்" என்பவர்களுக்கு

இப்போது நம் தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் யார் மீது பாய வேண்டும்?

நம் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் வந்தது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்றார்கள். பால்மரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத தோட்டத் தொழிலாளர்கள், இந்த மண்ணிலேயே முதுமை கண்டவர்கள், திடீரென்று 'அந்நியர்' ஆனார்கள். சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுப் போனதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. "நேற்று வந்தவர்கள்" என்ற சொல்லுக்கு அன்று பலியானவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அதே சொல்லை இன்று நாம் இன்னொருவர் மீது வீசலாமா?

இன்னொன்று. மெல்பர்னில் முனைவர் பட்டம் படிக்கப் போன நம் வீட்டுப் பிள்ளைக்கு பி.ஆர். கிடைத்தால் என்ன செய்கிறோம்? கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறோம். அங்கே அவனை யார் அழைத்தார்கள்? ஆஸ்திரேலியாவின் புள்ளி முறையில் முனைவர் பட்டத்துக்கு 20 புள்ளி. அந்நாட்டிலேயே படித்ததற்கும் தனியாகப் புள்ளி உண்டு. குறைந்தபட்சத் தேவை 65. போட்டி கடுமை என்பதால் 65 எடுத்த எல்லாருக்கும் அழைப்பு வருவதில்லைதான். ஆனால் எதற்கு எத்தனை புள்ளி என்பது வெளிப்படையாக இருக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்று மாணவன் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில் வாழும் மலேசியர்கள் சுமார் பத்து லட்சம் பேர் என்று உலக வங்கி 2011இல் மதிப்பிட்டது. அவர்களை வரவழைக்கவென்று டேலண்ட்கார்ப் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். திரும்பி வரும் நிபுணரின் வெளிநாட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்குள் நிரந்தரவாசத் தகுதி என்று அப்போது அறிவித்தார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. வேண்டும் என்று நினைத்தால் ஆறு மாதத்தில் முடிவெடுக்க முடிகிற அரசாங்கத்துக்கு, ஒரு தோட்டத்துப் பாட்டியின் பாரத்தைப் பார்க்க ஏன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்படுகின்றன?

பாட்டியின் கதை

பாட்டி பிறந்தது சுதந்திரத்துக்கு முன், 1953இல், தோட்டத்து லயத்தில். பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பிறப்பைப் பதிய யாரும் பட்டணத்துக்குப் போகவில்லை. ஒன்பது வயதில் பால் வாளி தூக்கினார். கணவர் நீல ஐ.சி.க்காரர். பிள்ளைகளுக்கும் நீல ஐ.சி. பாட்டிக்கு மட்டும் சிவப்பு. தேர்தல் நாளில் வீடே வாக்களிக்கப் போகும்போது இவர் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

சட்டப்படி பாட்டிக்கு உரிமை இருக்கிறது. சுதந்திர நாளுக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர்களுக்கென்றே அரசியலமைப்பில் 16ஆவது விதி இருக்கிறது. முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு இங்கே வசித்திருந்தால், நிரந்தரமாக வாழும் எண்ணமும் நன்னடத்தையும் அடிப்படை மலாய் அறிவும் இருந்தால், விண்ணப்பித்துக் குடிமகனாகப் பதிந்துகொள்ள அவருக்கு உரித்து உண்டு. அந்த விதி 'உரித்து' என்றுதான் சொல்கிறது. 'சலுகை' என்று சொல்லவில்லை.

ஆனால் இங்கே பிறந்தேன் என்பதற்குக் காகிதம் எங்கே? மருத்துவச்சி இல்லை. துரையும் கிராணியும் இல்லை. தோட்டமே வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. பாட்டி மூன்று முறை பாரம் கொடுத்திருக்கிறார். ஒரு முறை பதிலே இல்லை. இரண்டு முறை இரண்டு வரிக் கடிதம் வந்தது, 'நிராகரிக்கப்பட்டது' என்று. காரணம் எழுதப்படவில்லை.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். குடியுரிமை தொடர்பில் அரசாங்கம் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வு செய்யவோ முடியாது என்று அதே இரண்டாவது அட்டவணையின் மூன்றாம் பாகம் கூறுகிறது. மாணவரின் நுழைவு அனுமதியைத் தொடும் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவும், நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர வேறெதையும் நீதிமன்றம் கேட்க முடியாதபடி கதவை அடைக்கிறது.

இப்போது இருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருவரிடம் காகிதம் எல்லாம் இருக்கிறது, ஆனால் வாழ்ந்த காலம் கணக்கில் வராது. இன்னொருவர் வாழ்நாள் முழுவதும் இங்கேதான் வாழ்ந்தார், ஆனால் அதற்குக் காகிதம் இல்லை. இருவரின் விதியும் காரணம் சொல்லக் கடமைப்படாத ஒரு மேசையில் கிடக்கிறது. மாணவருக்குக் கதவை அடைத்தால் பாட்டிக்குத் திறந்துவிடும் என்று எண்ணுவது தவறு. கதவும் ஒன்று, பூட்டும் ஒன்று.

வாக்குறுதிகளும் திருத்தமும்

2018 தேர்தலில், குடியுரிமை இல்லாத இந்தியர் பிரச்சினையை நூறு நாளில் தீர்ப்போம் என்று பக்காத்தான் ஹராப்பான் வாக்களித்தது. ஆட்சிக்கு வந்த பிறகு, அறுபது வயதைத் தாண்டிய, சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதுவும் அமைச்சரவை எடுத்த முடிவுதான், நிலையான சட்டமன்று. அந்த எண்ணுக்கு வெளியே நின்றவர்கள் இன்னோர் அறிவிப்புக்காக, இன்னொரு தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அதில் நீதி கிடைத்தது. அதற்காகப் பல ஆண்டு போராடிய பெண்களுக்கு நம் வாழ்த்துகள். ஆனால் அதே மசோதாவின் இன்னொரு மூலையைப் பலர் பார்க்கவில்லை. இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் குழந்தை தானாகவே குடிமகன் என்பது 1962 முதல் இருந்துவந்த ஏற்பாடு. அதிலிருந்து 'நிரந்தரவாசி' என்பதைத் திருத்தம் நீக்குகிறது. அப்படிப்பட்ட குழந்தை இனி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? பல ஆண்டு காத்திருந்து நிரந்தரவாசி ஆகும் அந்த ஆய்வாளரின் அடுத்த பிள்ளை. சிவப்பு ஐ.சி.யோடு வாழும் நம் தோட்டத்துப் பெண்களின் பிள்ளைகள். சபாவில் இதே நிலையில் உள்ள பூர்வகுடிகளின் பிள்ளைகள். வந்தவர், இருந்தவர், பூர்வகுடி என்று பார்க்காமல் திருத்தம் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தியிருக்கிறது. நாம் மட்டும் ஏன் பிரிந்து நிற்க வேண்டும்?

நாம் கேட்பது

ஒன்று: சட்டப்படி வழங்கிய பாஸில் வாழ்ந்த காலத்தைச் சிறைவாசத்தோடு சேர்த்துக் கழிக்கக் கூடாது. உயர்கல்விக்கும் வேலைக்கும் வந்து முறையாக வாழ்ந்த ஆண்டுகளில் ஒரு பகுதியாவது வசித்த காலமாக எண்ணப்பட வேண்டும்.

இரண்டு: நிரந்தரவாசத்துக்கும் குடியுரிமைக்கும் கொடுக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காலக்கெடு வேண்டும். நிராகரித்தால் எழுத்தில் காரணம் வேண்டும். சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு வேண்டும்.

மூன்று: சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் இல்லாத காகிதத்தைக் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. சத்தியப்பிரமாணம், தோட்டப் பதிவேடு, பள்ளிப் பதிவு, அக்கம்பக்கத்தாரின் சாட்சி இவற்றை ஆதாரமாக ஏற்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் இலங்கையைப் பாருங்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த நாடு அது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களை ஆடுமாடு போல் பங்கு பிரித்தார்கள். ஆனால் அதே நாட்டு நாடாளுமன்றம் 2003இல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தவர்களும் குடிமக்கள் என்றது. அங்கே வாழ்ந்த காலமே தகுதி ஆயிற்று. போரால் சிதைந்திருந்த ஒரு நாட்டால் அது முடிந்தது. நம்மால் முடியாதா?

மாணவ நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்

முகவருக்குப் பணம் கட்டாதீர்கள். பி.ஆர். 'வாங்கித் தரும்' அதிகாரம் எந்த முகவருக்கும் இல்லை.

பாஸ் ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள். பழைய கடப்பிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள். வாடகை ஒப்பந்தம், வரி ஆவணம், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள்.

இங்கே குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதியுங்கள். இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தை மலேசியர் ஆகிவிடாது. அதனால் உங்கள் நாட்டுத் தூதரகத்திலும் உடனே பதிந்து கடப்பிதழ் எடுங்கள். நாடற்ற குழந்தையின் பாடு என்னவென்று எங்கள் தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள்.

மலாய் மொழியை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளி முறையிலும் அதற்கு இடம் உண்டு, 19ஆவது விதியிலும் உண்டு. அதைவிட, பக்கத்து வீட்டாரோடு பேச அது வேண்டும்.

அன்று மண்டபத்தில் கூட்டம் குறைய மதியம் ஆகிவிட்டது. பாட்டியின் நாலாவது பாரத்தை நிரப்ப ஆள் இல்லாமல் நின்றபோது, அந்த இளைஞர்தான் பேனாவை எடுத்தார். ஓரளவு மலாய் கற்றிருந்தார். கேள்விகளைத் தமிழில் சொல்லிக் கேட்டு நிதானமாக எழுதிக்கொண்டே வந்தார். எந்தத் தேதியிலிருந்து இந்நாட்டில் வசிக்கிறீர்கள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"பொறந்ததுலருந்து" என்றார் பாட்டி.

கட்டத்தில் நாள், மாதம், ஆண்டு கேட்டிருந்தார்கள். இளைஞர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காலையில் கேள்வி கேட்ட நம் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாட்டி, உங்ககூடப் படிச்சவங்க, பால் வெட்டுனவங்க யாராச்சும் இன்னும் இருக்காங்களா? பேரு சொல்லுங்க" என்று தாளும் பேனாவுமாக ஆரம்பித்தார். மூன்று பெயர்கள் கிடைத்தன. ஒருவர் காஜாங்கில், இருவர் கிள்ளானில். சத்தியப்பிரமாணம் வாங்கப் போகிறோம்.

உங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சிவப்பு ஐ.சி.யோடு காலம் தள்ளுகிற முதியவர்கள் இருப்பார்கள். அவர்களோடு வளர்ந்தவர்களைத் தேடிப் பேசுங்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். ஆவணங்களின் நகலோடு அடுத்த முகாமுக்கு வாருங்கள். வரும்போது, பக்கத்து வாடகை வீட்டில் பாஸோடு குடியிருக்கும் அந்த வெளிநாட்டு மாணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.